கணக்குல எழுதிக்கோங்க

எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அட்டை கறுத்துப்போயிருக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர் இருக்காது. 'மாடி வீட்டு டீச்சர்', 'மில் டிரைவர்', 'பச்சை கேட்' என்றுதான் இருக்கும். கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் "கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்போம். அவரும் காதில் செருகிய பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார்.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் "கடன் கொடுக்காதீர்கள்" என்று ஆரம்பிப்பார்கள். பல வருடங்களாகச் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதித் தருகிற எனக்கு இந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. அண்ணாச்சி கொடுத்த கடனில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. நோட்டில் பக்கம் உள்ள வீடு மாதச் சாமான் முழுவதையும் அங்கேதான் வாங்கும், துவரம்பருப்பு விலையை நாலு கடையில் விசாரிக்காது. எந்த வீட்டில் சம்பளம் என்றைக்கு வரும், எந்த வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அறுபது வீட்டில் பரவிக் கிடக்கும் பாக்கியில் ஒன்றிரண்டு மூழ்கினாலும் கடை மூழ்காது. அவருக்கே டீலர் ஒரு வாரக் கடனில் சரக்கு இறக்குவதால், பாதிச் சுமை டீலர் தோளில்.

குறையும் இருந்தது. பாக்கி ஏறிப்போன வீட்டுக்காரர் அந்தத் தெருவழியே நடப்பதையே விட்டுவிட்டு, அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார். பணமும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று. பலகை சொல்வது இதைத்தான். ஆனாலும் கூட்டிக் கழித்தால் நோட்டு அண்ணாச்சிக்கு லாபம்தான். கடன் அவரிடமிருந்து அவரைவிட எளியவர்களுக்குப் போயிற்று. கொடுப்பதா நிறுத்துவதா என்பது அவர் கையில் இருந்தது.

இதே பழக்கம் ஒரு லேத் பட்டறைக்குள் நுழையும்போது தலைகீழாகிவிடுகிறது.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டு, பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகள் ஏராளம். அப்படி ஒன்றின் கணக்கைப் பார்த்துவருகிறேன். முதலாளி, டர்னர், டெலிவரி எல்லாம் ஒருவரே. டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாக்குமூட்டையைக் கட்டிக்கொண்டுபோய்ச் சரக்கை இறக்குவார். கேட்டில் டெலிவரி சலானில் ஒரு கையெழுத்து. அதோடு சரி. பேமெண்ட் எப்போது என்று அவரும் கேட்கமாட்டார், கம்பெனியும் சொல்லாது. தொண்ணூறு நாள் என்பது பேசாமலே ஏற்பட்ட வழக்கம். இங்கே கடன் கொடுக்கிறவர் சின்னவர், வாங்குகிறவர் பெரியவர். நிறுத்தும் உரிமையும் பெரியவரிடமே இருக்கிறது: கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

அவரிடம் ஒரு நாள் ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 3 லட்சத்துக்கு பில். லாபம் பத்துக்கு ஒன்று, அதாவது 30,000. கைக்காசு இறங்குவது 2,70,000. மூன்று மாதம் பணம் வராவிட்டால் 8,10,000 வெளியே நிற்கிறது. அதை அவர் இரண்டு வட்டிக்குப் புரட்டுகிறார். மாத வட்டி 16,200. முப்பதாயிரத்தில் மிச்சம் 13,800. அதாவது தன் லாபத்தில் பாதிக்குமேல் கம்பெனியின் சார்பில் வட்டிக்காரருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவே இல்லை. பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் பில் போட்ட மாதத்தின் வரியை, மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 18 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு 54,000. உள்ளீட்டு வரியைக் கழித்தது போக மீதி அவர் பையிலிருந்து. துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆனா பார்ட்டி நல்ல பார்ட்டிங்க, பணம் எங்கயும் போவாது" என்றார். உண்மைதான், போகாது. அதுதான் சிக்கல். வராக்கடன் என்றால் வலிக்கும், தாமதக்கடன் வலிக்கவே வலிக்காது.

சட்டம் இவர் பக்கம்தான் நிற்கிறது, காகிதத்தில். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2024-இல் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய பட்டறைக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்பது என்பது அந்தப் பார்ட்டிக்குக் கடைசி பில் போடுவது.

இந்தத் தயக்கத்தை அறிந்தேதான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவு 2023-இல் சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, தரும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. கேட்க வேண்டியவர் கேட்காவிட்டாலும் வரி கேட்கும் என்பது ஏற்பாடு. யோசனை நல்லது. ஆனால் இந்த விதியின் பல் முளைப்பது மார்ச் மாதத்தில் மட்டும்தான். ஜூனில் போட்ட பில்லுக்கு டிசம்பரில் பணம் தந்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிடுவதால் வாங்கியவருக்கு வரியில் நட்டம் எதுவும் இல்லை. மார்ச் 31 அன்று கெடு தாண்டி நிற்கும் பாக்கிதான் அவரைக் கடிக்கும். அவர் நட்டத்தில் ஓடினால் அதுவும் உடனே கடிக்காது. வியாபாரிகளுக்கு, அதாவது வாங்கி விற்பவர்களுக்கு, இந்தப் பாதுகாப்பு கிடையாது. நடுத்தர நிறுவனங்களுக்கும், உத்யம் என்ற அரசுப் பதிவு இல்லாதவர்களுக்கும் கிடையாது. அந்த ஓட்டை வழியாகவே 2024 தொடக்கத்தில் ஜவுளிச் சந்தைகளில் ஓர் அச்சம் கிளம்பியது: உத்யம் பதிவு இல்லாதவரிடம் சரக்கு எடுத்தால் வம்பில்லை என்று ஆர்டர் கைமாறிவிடுமோ என்று. பாதுகாப்புக்காகப் பதிந்தவர் அந்தப் பதிவையே ரத்து செய்யலாமா என்று என்னிடம் வந்து கேட்டதும் நடந்தது. வேண்டாம் என்றேன். இன்றும் அதையே சொல்வேன். பதிவுக்குக் கட்டணம் இல்லை; சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருப்பதில்தான் அதன் பலம்.

தகராறு முற்றினால் அதே 2006 சட்டத்தின்கீழ் உள்ள வசதியாக்கக் குழுவிடம் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அந்தக் கணக்கை நம்பி வட்டிக்கு வாங்கக் கூடாது. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்மையிலேயே கனமானது. பெரிய கம்பெனியிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னொரு வழி டிரெட்ஸ் தளங்கள்: பில்லைக் கம்பெனி அங்கே ஒப்புக்கொண்டால், கழிவு போக மீதியை வங்கி உடனே தந்துவிடும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று விதி இருக்கிறது. சேர்ந்த கம்பெனி உங்கள் பில்லை ஏற்றுமா என்பது வேறு கதை.

ஆக, சண்டைக்குப் போகும் நாளைவிடச் சரக்கு இறக்கும் நாளில்தான் சின்னவர் கையில் ஏதோ கொஞ்சம் பிடி இருக்கிறது. டெலிவரி சலானில் கையெழுத்தோடு தேதியும் சீலும் வாங்கினாரா என்பதில் பாதி வழக்கு முடிந்துவிடும். இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் இறக்கிய நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் கொள்ளும். எட்டாம் மாதம் பேமெண்ட் கேட்கப் போனவரிடம் "அந்த லாட்ல ரிஜெக்‌ஷன் இருந்துச்சே" என்று டெபிட் நோட் நீட்டும் வித்தை, தேதி போட்ட சலானுக்கு முன்னால் எடுபடாது. தேதியில்லாத சலான் வெறும் சலாம்.

அடுத்தது, பழைய பாக்கி. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கடன் நாள் குறிக்காத விற்பனையில் அது சரக்கு இறக்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். கெடு முடியும் முன் பார்ட்டி பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை 'எங்கள் கணக்குப்படி உங்கள் பாக்கி இவ்வளவு' என்று ஒரு தாள் அனுப்பிக் கையெழுத்து வாங்கச் சொல்வேன். பலருக்கு இது கூச்சம். உறவைச் சந்தேகிப்பதுபோல இருக்கிறதாம். பத்து நாளில் தந்தால் இரண்டு சதவீதம் கழிவு என்று பில்லிலேயே அச்சடிக்கும் யோசனைக்கு இத்தனை கூச்சம் இல்லை. ஆனால் அதில் வேறு ஆபத்து: தொண்ணூறாவது நாளிலும் அந்தக் கழிவைப் பிடித்துக்கொண்டு தருகிற பார்ட்டிகள் உண்டு. கழிவுக்குரிய தேதியையும் பில்லில் போடாதவர்கள் கழிவையும் காலத்தையும் சேர்த்தே இழந்தார்கள்.

காகிதத்தால் தீராத ஒன்றும் உண்டு. ஒரே பார்ட்டியிடமிருந்து எழுபது எண்பது சதவீத வேலை வருகிறவருக்கு எந்தச் சட்டமும், எந்தச் சலானும் முதுகெலும்பு தராது. அண்ணாச்சியிடம் அறுபது பக்கம் இருந்தது. நம் லேத்காரர் நோட்டில் மூன்றே பக்கம், அதில் ஒன்று பெரிது. மூலப்பொருளைப் பார்ட்டியே தந்து, கூலிக்கு மட்டும் வேலை செய்தால் முடங்கும் பணம் குறையும், லாபமும் குறையும். அவர் மனம் அதற்கு ஒப்பவில்லை.

போன ஜனவரியில் அவர் மூன்று பார்ட்டிக்கும் பாக்கித் தாள் எடுத்துக்கொண்டு போனார். முதல் கம்பெனிக் கணக்காளர் டீ குடித்துக்கொண்டே, படித்துக்கூடப் பார்க்காமல், சீல் குத்திக் கொடுத்துவிட்டாராம். இரண்டாவது இடத்தில் ஒரு வாரம் அலையவிட்டு, மார்ச் 28-ஆம் தேதி பாக்கி முழுவதையும் வங்கியில் போட்டுவிட்டார்கள், ஆடிட்டர் சொல்லியிருப்பார். மூன்றாவதுதான் அந்தப் பெரிய பக்கம். தாளை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார்கள். ஆர்டர் நிற்கவில்லை, பாதியானது. காலியான நேரத்தில் ஒரு மெஷின் இப்போது வேறொருவருக்கு ஓடுகிறது, சிறிய பார்ட்டி, பில்லுக்கு முப்பது நாள். டிராயருக்குள் போன தாளின் நகலைக் காட்டினார். அதில் கையெழுத்து இல்லை. "அடுத்த வாரம் மறுபடி போறனுங்க" என்று, இந்தத் தடவை இரண்டு நகல் எடுத்து வைத்திருந்தார்.