இணைய விதிகள்: தொடங்கிவைப்பவர் யார்?

கனமான மரப்பெட்டி ஒன்றைத் தரையில் தள்ளிப் பாருங்கள். அதை அசைப்பதற்கு அதிக விசை வேண்டும். நகரத் தொடங்கிவிட்டால் அதைவிடக் குறைந்த விசையே போதும். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். விதிகள் இயற்றும் மன்றங்களுக்கும் இது பொருந்தும். நடக்கின்ற விவாதத்தில் கருத்துச் சொல்வது எளிது. விவாதத்தையே தொடங்கிவைப்பது அரிது. அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை இணையத்தைக் கொண்டு ஆராய்வோம்.

'.காம்', '.ஆர்க்' என முடியும் இணையப் பெயர்களின் ஒழுங்கைக் கவனிப்பது ஐகான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. இது 1998-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. அரசுகள், நிறுவனங்கள், பொறியாளர்கள், பயனாளர்கள் எனப் பல தரப்பினரும் சேர்ந்து முடிவெடுப்பதே தன் முறை என்று அது பெருமையாகச் சொல்கிறது.

இந்தப் பெருமையில் பாதி நியாயம் உண்டு. வரைவு வெளியானதும் நீங்களும் நானும்கூடக் கருத்து எழுதி அனுப்பலாம். ஆனால் புதிய விதிக்கு முதற்படி 'பிரச்சினை அறிக்கை'. அதைக் கோரும் உரிமை மூன்று தரப்புக்கே உண்டு: இயக்குநர் குழு, பெயர் விதிகளுக்கான மன்றம், ஆலோசனைக் குழுக்கள். இயக்குநர் குழு கோரினால், அறிக்கைக்குப் பின் விதியாக்கம் தானாகவே தொடங்கும். ஆலோசனைக் குழு கோரினாலோ, மன்றத்தின் வாக்கெடுப்பைக் கடக்க வேண்டும். அம்மன்றத்தின் இரண்டு அவைகளுள் ஒன்று, பெயர்களைப் பதிந்து தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. சாதாரணப் பயனாளர்கள் சார்பில் 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அது கேட்கலாம், தானாகத் தொடங்கிவைக்க முடியாது.

இதன் விளைவு என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம். இணையப் பெயர் பதிந்தவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் யாரும் பார்க்கக்கூடிய பட்டியலில் இருந்தன. இது அந்தரங்கத்தைக் குலைக்கிறது என்று பலர் முறையிட்டனர். ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது, பட்டியல் மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டம் 2018 மே 25-இல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். மே 17-ஆம் நாளே இயக்குநர் குழு தற்காலிக விதியைப் பிறப்பித்தது; ஜூலையில் மன்றம் விரைவு விதியாக்கத்தைத் தொடங்கியது. பயனாளரின் குரலால் அசையாத பெட்டியை அபராதத்தின் அச்சம் அசைத்துவிட்டது!

'எல்லோரும் தொடங்கலாம் என்றால் கோரிக்கைகள் மலைபோல் குவியுமே' என்று சிலர் கேட்பர். நியாயமான ஐயம்தான். ஆனால் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் இணைய எண்முகவரிகளைப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பைப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் அதன் எல்லைக்குள் அடங்கும். அங்கே உறுப்பினர் அல்லாதவரும் விதிமாற்றத்தை முன்மொழியலாம். பொது விவாதத்தில் கருத்தொற்றுமை கிடைத்தால் அது மேலே செல்லும்; இல்லையேல் நின்றுவிடும். வாசலைத் திறந்துவைத்து, சல்லடையை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பெயர்களின் உலகில் பணமும் வழக்குகளும் மிகுதி. ஏப்னிக்கின் முறையை அப்படியே பெயர்த்து நடுவது கடினம். எனினும் ஒரு நடுவழி உண்டு. பல நாடுகளைச் சேர்ந்த, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள பயனாளர்கள் கையொப்பமிட்டுக் கோரினால், குறித்த நாட்களுக்குள் மன்றம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். இந்த ஒரு விதியே பெரும் மாற்றத்தைத் தரும்.

மாணவர்களே, 'எல்லோரும் பங்கேற்கலாம்' என்று எந்த அமைப்பு சொன்னாலும் மகிழுங்கள். உடனே, விவாதப் பொருளைத் தீர்மானிப்பவர் யார் என்றும் கேளுங்கள்.