பெயர்ப்பட்டியலைக் கடந்து

திருமண வெள்ளிவிழா, பொன்விழா, முன்னோர் நினைவுநாள் ஆகியவற்றையொட்டிக் குடும்ப வரலாற்று மலர்கள் வெளியிடும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. நல்ல வழக்கமே. ஆயினும் உறவினர் எழுதியதை உறவினரே படிப்பதால், பாராட்டுரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இம்மலர்களை ஓர் எழுத்து வகையாகக் கருதி எடைபோடுவார் இல்லை. அப்பணியை இங்கே சிறிது செய்து பார்ப்போம்.

இவற்றின் வலிமை பங்குப் பதிவேடுகளில் இருக்கிறது. திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குத்தந்தையர் பதிவு செய்யவேண்டுமெனத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. பொருள் படைத்தோர்க்குப் பத்திரங்கள் உண்டு; கூலியாளுக்கோ பல வேளைகளில் இப்பதிவேட்டின் ஒற்றை வரியே சான்று. அதைத் தேடியெடுத்து, நான்கைந்து தலைமுறைகளை வரிசைப்படுத்துவோரின் உழைப்பை நாம் மதிக்கிறோம்.

குறை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பெயரும் தேதியும் கிடைத்தவுடன் வரலாறு நிறைவுற்றதாக எண்ணிவிடுகிறோம். ‘ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றார்’, ‘கடல் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார்’ என்னும் ஒரு வரியில் முப்பது ஆண்டு உழைப்பு அடங்கிவிடுகிறது. எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி, யாருக்குக் கடன் என்னும் வினாக்கள் எழுவதில்லை. இவற்றுக்கு விடை கூறுவன சமூக வரலாறும் தொழில் வரலாறுமே.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். 1895இல் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் ‘சின்ன வயதிலேயே மில்லுக்குப் போனார்’ என வீட்டில் சொல்லப்படுவதாகக் கொள்வோம். தொழிற்சாலைகளில் 7 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கலாகாது என 1881ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 1891இல் அவ்வரம்பு 9 ஆகவும், 1922இல் 12 ஆகவும் உயர்ந்தது. ஆகவே, சட்டம் மதிக்கப்பட்டிருப்பின், இச்சிறுவன் ஏறத்தாழ 1904இல்தான் உள்ளே நுழைந்திருக்கலாம். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. அப்போது அச்சிறுவனுக்கு வயது பதின்மூன்று. கூலியின்றிக் கழிந்த அந்நாள்களில் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? பதிவேடு தந்த ஆண்டும் தொழில் வரலாறு தந்த ஆண்டும் சேர்ந்தபோதன்றோ இவ்வினா பிறக்கிறது!

தோணித் தொழில் செய்த குடும்பங்களின் கதையும் இத்தகையதே. கடற்கரையோரம் ஆழம் குறைவாதலால், கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட, சரக்கைத் தோணிகளே ஏற்றி இறக்கின. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டதும், கப்பல்கள் துறையை ஒட்டியே நிற்கலாயின. அவ்வாண்டுகளில் வருவாய் குன்றிய தோணிக்காரரைப் பற்றி அவர்தம் மக்கள் ‘தந்தை முயற்சி இழந்தார்’ என்று எழுதினால், அது தந்தைக்கு இழைக்கும் அநீதியாகவும் இருக்கக்கூடும். துறைமுகத்தின் வரலாற்றை அறிந்த பின்னரே அத்தீர்ப்பை எழுத நமக்கு உரிமை உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பலரின் வரலாறு ஒருவரின் வரலாறு ஆகாது. பாட்டனார் மில்லில் இருந்தார் என்பதனாலேயே, அவர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார் என்று எழுதிவிடலாகாது. பெயர்ப்பட்டியல் வறண்டது எனினும் பொய்யன்று. புனைந்த பெருமையோ பொய். ‘இருந்தார்’ என்பதையும் ‘இருந்திருக்கலாம்’ என்பதையும் பிரித்து எழுதும் நேர்மையே இவ்வெழுத்தின் முதல் இலக்கணம். பேட் என்பார் தொகுத்து 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்டக் கெஜட்டியர், பத்தாண்டுக்கொருமுறை வெளியான மக்கள்தொகை அறிக்கைகள், சென்னை ஆவணக் காப்பகத்தின் அரசாணைகள் ஆகியவை சூழலை விளக்கும். தனி மனிதரைப் பற்றி வீட்டுப் பெரியோரின் நினைவும் வீட்டுப் பெட்டியிலுள்ள சம்பளச் சீட்டும் அடகுச் சீட்டுமே பேசவேண்டும்.

அச்சீட்டுகளை நாம் அச்சிடத் தயங்குகிறோம். மலரின் முகப்பில் மருத்துவரும் பொறியாளரும் இடம்பெறுகின்றனர். மூட்டை சுமந்தவர் முன்னுரையில் மறைந்துபோகிறார். பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வலை பின்னியவரும், மீன்கூடை சுமந்தவரும், பஞ்சுத் தூசியில் இருமியவரும் ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு நின்றுவிடுகின்றனர். இன்று நாம் பெற்றுள்ள கல்வியும் வீடும் அவர்கள் கைகளால் ஈட்டப்பட்டவை. அக்கைகள் என்ன வேலை செய்தன என்பதைச் சொல்லாத மலர் எத்துணை அழகுற அச்சிடப்பட்டிருந்தாலும், பாதிக் குடும்பத்தின் வரலாறே ஆகும். அடுத்த மலரைத் தொகுப்போர், வீட்டின் மூத்த பெண்மணியிடம் சென்று, ‘நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?’ என்று முதலில் கேட்கட்டும்.