கேமராவுக்குப் பின்னால் யார்?

2021-ல் டெக்சாஸில் ஆன்லைன் விசாரணைக்கு வந்த ஒரு வக்கீல், கம்ப்யூட்டர் செய்த குளறுபடியால் திரையில் பூனைக்குட்டியாகத் தெரிந்தார். 'நான் பூனை இல்லை' என்றார், பாவம். உலகமே சிரித்தது.

இல்லாததைத் திரை காட்டினால் சிரிக்கலாம். இருப்பதை மறைத்தால்?

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவு, பழைய சட்டம் போலவே, போலீஸ் காவலில் இருப்பவரை நேரில்தான் ஆஜர்படுத்தச் சொல்கிறது. ஜெயிலுக்குப் போனபின் காவலை நீட்டிக்க வீடியோவே போதுமாம். எஸ்கார்ட் மிச்சம், வேன் மிச்சம்; வாஸ்தவம்தான். ஆனால் திரையில் கைதியின் முகம் தெரியும். நொண்டும் கால் தெரியாது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் வார்டரும் தெரியமாட்டார். அவரை வைத்துக்கொண்டு, 'அடிச்சாங்கய்யா' என்று எவன் சொல்வான்?

வாய்தா வாங்க வீடியோ போதும். அடி வாங்கியதைச் சொல்ல, கோர்ட் படி ஏறித்தான் ஆகணும்.