ஓடி வென்றால்தான் மகனா? 'ஹரிதாஸ்' திரைப்படம் குறித்து ஓர் இறையியல் விமர்சனம்

குத்தாலத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர்ச் சபை ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை நடத்தச் சென்றிருந்தோம். ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும், எட்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பினான். சபையார் திரும்பிப் பார்த்தனர். தாயார் அவனை அணைத்தவாறு வெளியேறி, ஆராதனை முடியுமட்டும் வேப்பமர நிழலில் நின்றார். பீடத்தருகே நின்ற நாமோ, இடையூறு நீங்கிற்றென்று ஆறுதலே கொண்டோம். பின்னர் அவர் நம்மிடம் வந்து, "ஐயரே, இவன் பேசாவிட்டாலும் கோயிலில் உட்காரலாமா?" என்று வினவினார். ஆட்டிசம் உடைய அச்சிறுவனைக் குறித்த அவ்வினா, இன்றும் நம்மை விட்டகலவில்லை.

இவ்வினாவை மனத்திற்கொண்டே, ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹரிதாஸ்' என்னும் படத்தை இங்கு ஆராய முற்படுகிறோம். ஆட்டிசம் உடைய ஒரு சிறுவனை நடுவில் நிறுத்திய தமிழ்ப் படம் என்ற வகையில் இது நம் கவனத்திற்குரியது. கிஷோர் ஏற்றுள்ள தந்தை, குற்றவாளிகளைச் சுட்டு வீழ்த்துவதில் பேர்பெற்ற காவல் அதிகாரி. தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த மகன், பாட்டியின் மறைவுக்குப்பின் அவரிடம் வந்து சேருகிறான். துப்பாக்கி பிடித்த கை, மகனுக்கு உணவூட்டக் கற்றுக்கொள்கிறது. சினேகா ஏற்றுள்ள ஆசிரியையும் அவனைப் புறந்தள்ளாது ஏற்கிறார்.

படத்தின் நன்மைகளை முதற்கண் ஒப்புக்கொள்வோம். இது பைத்தியமன்று, பேய் பிடித்ததன்று, பெற்றோரின் பாவத்தின் பலனுமன்று என்பதை அது ஐயமறக் கூறுகிறது. மகனை மாற்றுவதற்கு முன் தந்தை மாறவேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1943ஆம் ஆண்டு லியோ கானர் இந்நிலையை விவரித்து எழுதியபின், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொள்கை மேனாட்டு அறிஞரிடையே பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1964இல் பெர்னார்டு ரிம்லண்ட் அதனை மறுத்து நூல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையே.

ஆயினும், படம் தன் உச்சத்தை எங்கே வைக்கிறது? நெடுந்தொலைவு ஓட்டத்தில் சிறுவன் பெறும் வெற்றியில் வைக்கிறது. அவ்வெற்றியில் அரங்கம் கண்ணீர் வடிக்கிறது. இங்கேதான் நாம் தயங்குகிறோம். ஓடத் தெரியாத ஹரிதாசின் நிலை என்ன? ஓவியமோ கணக்கோ ஓட்டமோ வாய்க்காமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விரல்களை அசைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாருடைய மகன்? திறமையைக் காட்டி மதிப்பைப் பெறவேண்டும் என்பது சந்தையின் நியாயம், கிருபையின் நியாயமன்று.

படத்தைக் குறைகூறும் நாம், நம் பிரசங்க பீடங்களையும் சோதித்தறிதல் வேண்டும். படம் வெற்றியை எதிர்நோக்குகிறது. நாம் அற்புதத்தை எதிர்நோக்குகிறோம். பிள்ளை இப்போது இருக்கிறபடியே போதாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறோம். குத்தாலமாகிய திருத்துருத்தி, சுந்தரர் நீராடி உடற்பிணி நீங்கப்பெற்றதாகச் சைவ மரபு போற்றும் தலம். பிணி நீங்குதலே அருளின் அடையாளம் என்ற எண்ணம் காவிரிக் கரையில் எல்லாச் சமயத்தாரிடமும் வேரூன்றியுள்ளது. ஆனால் ஆட்டிசம் நீங்கிப்போகும் பிணியன்று. மூளை வளர்ச்சியின் வேறுபட்ட அமைப்பு. வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. மாற்கு 9ஆம் அதிகாரத்து ஊமை ஆவியின் நிகழ்ச்சியை இப்பிள்ளைகளுக்குப் பொருத்திப் பிரசங்கிப்போர் உளர். அப்பகுதி வருணிப்பது தீயிலும் நீரிலும் விழச்செய்யும் வலிப்பை. அதனை இங்கே பொருத்துவது வேதத்திற்கும் நீதியன்று, பிள்ளைக்கும் நீதியன்று.

யாத்திராகமம் 4ஆம் அதிகாரம் நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. தான் திக்குவாயன் என்று மோசே முறையிட்டபோது, கடவுள் அவர் நாவைச் சரிசெய்யவில்லை. ஆரோனைத் துணையாக அளித்தார். குறை நீக்கப்படாமலே அழைப்பு நிறைவேறிற்று. துணைநிற்றலின் இறையியல் இதுவே எனத் துணிகிறோம்.

சொல்லைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். 'ஆட்டிசம்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதனை நம் அரசு ஏடுகள் 'புற உலகச் சிந்தனையற்றோர்' எனப் பெயர்த்துள்ளன. ஒலிபெருக்கிக்குக் காதைப் பொத்தியவனா புற உலகை உணராதவன்? நம்மினும் மிகுதியாக உணர்ந்தவன் அல்லவா? சிந்தனையற்றிருந்தது ஒலியைக் குறைக்காத நாமே.

ஆகவே சபை செய்யக்கூடியவை மிகப் பெரியன அல்ல. ஒலிபெருக்கியைத் தணிக்கலாம். வாயிலருகே ஓர் இருக்கையை அக்குடும்பத்திற்கென ஒதுக்கி, பிள்ளை எழுந்து நடந்தால் திரும்பிப் பாராதிருக்கலாம். ஆராதனை முறைமையைப் படங்களாக வரைந்து முன்கூட்டியே காட்டலாம். வாயால் அறிக்கையிட இயலாதோரைத் திடப்படுத்தலுக்கும் திருவிருந்துக்கும் ஆயத்தம் செய்யும் வழியை நம் குருக்கள் கற்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம், 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. சான்றிதழ் பெற அலுவலகம் அலுவலகமாக அலையும் தாயோடு ஒருநாள் உடன்செல்வதும் ஆயர் பணியே. தமக்குப்பின் இவனை யார் காப்பார் என்று அஞ்சும் பெற்றோருக்கு, பாதுகாவலரை நியமிக்க அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருப்பதை எடுத்துரைப்பதும் அவ்வாறே.

'ஹரிதாஸ்' நல்ல படம். ஆயின் அதன் நற்செய்தி பாதி வழியில் நின்றுவிடுகிறது. தந்தை மாறினார், ஊர் மாறவேண்டியதில்லை, பிள்ளை வென்றால் போதும் என அது முடிகிறது. திருச்சபையோ வெல்லாத பிள்ளைக்கும் இடமளிக்க அழைக்கப்பட்ட ஊர். குத்தாலத்துத் தாயாருக்கு அன்று நாம் அளித்த விடை, "ஜெபிப்போம் அம்மா" என்பதே. அவர் ஜெபத்தைக் கேட்கவில்லை. உட்கார இடம் கேட்டார்.