கடாரத்துச் செங்கல்லும் பேராசிரியர் சொல்லும்

பினாங்குத் துறைமுகத்திலிருந்து வடக்கே நோக்கினால், மழைமூட்டம் இல்லாத காலையில், கடலுக்கு அப்பால் ஜெராய் மலை நீலமாய்த் தோன்றும். வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டைக் கலஞ்செலுத்துவோர்க்குக் கரை காட்டிய மலை அது. அதன் தெற்கடிவாரத்தில், மெர்போக் ஆற்றை ஒட்டிக் கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ் மேடைகள் கடாரம் என்று முழங்கும் நிலம். இம்மண்ணைப் பற்றி ஆராய்ச்சியாளர் அறிந்தது எவ்வளவு, அதில் பொதுமக்களை எட்டியது எவ்வளவு என்று கணக்கெடுத்தால் பெருந்துண்டு விழுகிறது.

பழங்கதை நெடியது. கர்னல் ஜேம்ஸ் லோ 1834இல் செபராங் பிறையில் புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டைக் கண்டெடுத்தார். கல் கல்கத்தா அருங்காட்சியகம் சேர்ந்தது. செய்தி ஆங்கில ஏடுகளைச் சேர்ந்தது. குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் முப்பது இடங்கள்வரை ஆராய்ந்து, 1940இல் அறிக்கை வெளியிட்டனர். இந்தியர் இங்குக் குடியேறி நாகரிகம் நாட்டினர் என்பது அவர்கள் கொண்ட கருத்து. பின்வந்த அறிஞர் அதனை ஏற்கவில்லை. இந்நாட்டு மக்களே வணிகத்தில் முன்னின்று, கடல்வழி வந்த சமயங்களைத் தமக்கேற்பத் தழுவினர் என்பதே அவர்தம் துணிபு. ஆயினும் திருத்தம் ஏடுகளோடு நின்றுவிட, திருத்தப்பட்ட பழங்கருத்தே நம் விழா மேடைகளில் இன்றும் உலவுகிறது. பேச்சாளரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. திருத்தத்தை அவர் காதில் போட்டவர் யார்?

ஆராய்ச்சியைப் பாமரரும் காணச் செய்தவர் ஒருவர் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராயிருந்த அலஸ்டேர் லாம், புக்கிட் பத்து பகாட் கோயிலை அகழ்ந்து, சிதறிய கற்களை அடுக்கி, 1960இல் அடித்தளத்தை மீண்டும் எழுப்பினார். அக்கோயிலுக்கு மரத்தாலான மேற்கூரை இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் அது எவ்வடிவில் இருந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆகவே கூரையை அவர் எழுப்பவில்லை. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் அங்கு நின்று, இதுவரை அறிந்தோம், இதற்கு மேல் அறியோம் என்று அந்த வெற்று வானத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஆயிரம் பக்க அறிக்கையும் இவ்வளவு தெளிவாக உரைத்துவிடாது.

இவ்வாறு காட்டப்படாதவற்றின் கதி என்ன? சுங்கை பத்துத் தோட்டத்தில் ஆய்வாளர் பட்டியலில் 11ஆம் எண் பெற்ற கோயிற்சிதைவு ஒன்று இருந்தது. நிலம் தனியார் கைக்கு மாறி, வீடமைப்புக்காகத் திருத்தப்பட்டபோது மண்வாரி இயந்திரம் அதனைத் தரைமட்டமாக்கியது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் வீ. நடராஜன் போன்றோர் குரல் எழுப்பிய பின்னரே நாடு விழித்தது. அரசிதழில் அது காப்பிடமாக அறிவிக்கப்படவில்லை என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். அறிஞர் ஏட்டில் அதற்கு எண் இருந்தது. ஊரார் வாயில் அதற்குப் பெயர் இல்லை.

பினாங்கில் 1969இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் வாய்மூடி இருக்கவில்லை. அதன் பேராசிரியர் மொக்தார் சைடின் குழுவினர் 2009 முதல் சுங்கை பத்துவில் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும், காற்றூதிய சுடுமண் குழாய்களையும், படகுத்துறைச் சுவடுகளையும், வட்டமான செங்கல் மேடையையும் வெளிப்படுத்தினர். செய்தித்தாள்களில் பரவலாகப் பேசவும் செய்தனர். பாராட்டுக்குரியதே. ஆனால் மக்களிடம் வந்து சேர்ந்தது என்ன? ஆண்டுகள் மட்டுமே. முதலில் கி.பி. 110 என்றனர்; பின்னர் கி.மு. 788 வரை சென்றது. உலைக்கரியை ஆராய்ந்து காணும் காலம், மரம் வளர்ந்த காலமேயன்றி அதை எரித்த காலமன்று. முதிய மரமாயின் இடைவெளி பெரிதாகும். ஒரு கரித்துண்டை நம்பாது, பல அடுக்குகளிலிருந்து பல மாதிரிகள் வேண்டும் என்பதும் அதனாலேயே. ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் இதனை விளக்கிவிடலாம். விளக்காமல் ஆண்டை மட்டும் கொடுத்தால், கொண்டாடுவோர் கொடி கட்டுவர், ஐயுறுவோர் நகைப்பர். இருவரும் அந்தக் கரியை நோக்கமாட்டார்.

தமிழ்ப் பேராசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரமே என்று மேடையில் அடித்துச் சொல்வோர், அவ்வாறு பொருள் கூறியவர் பல நூற்றாண்டுகள் பின்வந்த உரையாசிரியர் நச்சினார்க்கினியர் என்பதையும் உடன் சொல்ல வேண்டாவா? இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கலம் விடுத்ததைக் குழந்தையும் அறியும். அதற்கு இருபது ஆண்டுகட்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதையும், தந்தை வாய்மொழிந்த அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தவன் அதே இராசேந்திரன்தான் என்பதையும் எத்தனை பேர் அறிவர்?