படிவு தெரிந்துவிட்டால் போதுமா?

பார்வை நரம்புத் தலை புடைத்திருக்கிறது. காரணம் ட்ரூசன் என்னும் படிவா, மூளையழுத்தமா? ஒளியால் ஆழத்தைப் படமெடுக்கும் ஓ.சி.டி. வந்த பிறகு, பி-ஸ்கேன் என்னும் மீயொலிப் பரிசோதனையை ஓரங்கட்டிவிடலாம் என்ற பேச்சு கண் மருத்துவர்களிடையே பலமாகவே கேட்கிறது.

ஓ.சி.டி.யின் பெருமையை மறுப்பதற்கில்லை. பி-ஸ்கேன் சுண்ணாம்பு ஏறிய படிவைத்தான் பிடிக்கும். ஒலியின் வலிமையைக் குறைத்த பின்னும் அந்த வெள்ளைப் புள்ளி அணையாமல் நிற்கும். குழந்தைகளின் படிவுகளோ பெரும்பாலும் ஆழத்தில் புதைந்தவை, சுண்ணாம்பு ஏறாதவை. அவற்றைக் காட்டுவதில் ஓ.சி.டி.க்கு நிகரில்லை. மூளையழுத்தத்தை அளக்கச் சிலருக்கு முதுகில் ஊசி குத்தாமல் காப்பாற்றியதும் அதுதான்.

ஆனால் அந்தப் படத்தை எப்படிப் படிக்கிறோம்? நரம்புத் தலையின் விளிம்பைச் சுற்றி வெளிறிய முட்டை வடிவத் திரட்சிகள் தெரியும். பல ஆண்டுகள் இவற்றையே புதைந்த ட்ரூசன் என்று எழுதி வந்தார்கள். ட்ரூசன் என்றால் நடு கருத்திருக்க வேண்டும், பெரும்பாலும் விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும் என்று பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று 2018-இல் வரையறுத்தது. இந்தத் திரட்சிகளை ட்ரூசன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. இவை ஃபோம்ஸ், இடநெருக்கடியில் பிதுங்கிய நரம்பிழைகள் என்பதே இன்றைய விளக்கம். அசல் மூளையழுத்த வீக்கத்திலும் இவை வரும். எந்த நோயை விலக்க வேண்டுமோ, அந்த நோயின் அடையாளத்தையே வைத்து அதை விலக்கினால் என்ன ஆகும்? ‘புதைந்த ட்ரூசன், ஆண்டுக்கொருமுறை பரிசோதனை’ என்று எழுதிய தாளோடு வீட்டுக்குப் போகிறவரின் தலைக்குள் கட்டி இருக்கலாம், சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

சரியாகவே படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ட்ரூசன் உறுதியானாலும் கேள்வி தீரவில்லை. மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதம் பேருக்கு அது இருக்கலாம் என்கின்றன பிரேதப் பரிசோதனை ஆய்வுகள். அவர்களுக்கு மூளையழுத்தம் வராது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? ட்ரூசன் இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் கருவி பதில் சொல்கிறது. அழுத்தம் இல்லை என்ற முடிவை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

குனிந்து எழுந்தால் சில நொடிகள் பார்வை இருளுகிறது, காதில் நாடித்துடிப்பு கேட்கிறது, காலையில் தலைவலி என்று ஒருவர் சொன்னால், ஓ.சி.டி. தாளில் என்ன இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யும் சிரைப் படமும் எடுத்தாக வேண்டும். சந்தேகம் மிஞ்சினால் சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும். அத்தனை வேகத்தில் ட்ரூசன் உருமாறாது; வீக்கம் மாறும்.