ஓய்ந்த திரவமும் ஓடும் உலோகமும்: சாமேர்ஸின் திண்மமாதற் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்து, குளிர்ந்தபின் குறுக்காக வெட்டி, மினுக்கி, அமிலமிட்டு நோக்கின் பெரும்பாலும் மூன்று வலயங்கள் தென்படும். அச்சின் சுவரையொட்டி நுண்ணிய பளிங்கு மணிகள். அவற்றிலிருந்து உள்நோக்கித் தூண்போல நீண்டு வளர்ந்த பளிங்குகள். நடுவிலே எத்திசையிலும் நீளாத சமவச்சு மணிகள். முதலிரண்டையும் விளக்குதல் எளிது. சுவர் குளிரானது, வெப்பம் அதன்வழியே வெளியேற, பளிங்குகள் எதிர்த்திசையில் நீள்கின்றன. நடுவிலுள்ளவை எங்கிருந்து வந்தன என்பதே வினா. வார்ப்புத் தொழிலாளனுக்கு இது வெறும் ஆவல் அன்று. தூண் பளிங்குகள் எதிரெதிரே வந்து சந்திக்கும் தளத்தில் மாசுகள் திரளும். பின்னர் உருளைகளிடையே செலுத்தி உருவமைக்கும்போது உலோகம் அத்தளத்திலேயே பிளத்தலும் உண்டு.

இத்தகைய பட்டறை வினாக்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாக்கியோருள் புறூஸ் சாமேர்ஸ் குறிப்பிடத்தக்கவர். ரொறன்ரோவிலும் பின்னர் ஹாவாட்டிலும் பணியாற்றிய அவர், 1964 இல் வெளியிட்ட ‘திண்மமாதலின் தத்துவங்கள்’ என்னும் ஆங்கில நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகின்றது. அதன் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது மேற்கூறிய வினாவேயாகும்.

நூலின் வலிமை 1953 ஆம் ஆண்டின் ஆய்வுகளிலிருந்து பிறந்தது. வளரும் பளிங்கிலிருந்து திரவத்தைத் திடீரெனப் பிரித்தகற்றி, உறைதல் நிகழ்ந்துகொண்டிருந்த முகத்தை அப்படியே காணும் உத்தியைச் சாமேர்ஸும் றட்டரும் கையாண்டனர். மட்டமாயிருக்குமென எதிர்பார்க்கத்தக்க அம்முகம் தேன்கூட்டின் அறைகள் போன்று பிரிந்திருந்தது. காரணம் மாசு என்பது அவர்தம் விளக்கம். உறையும் உலோகம் தன்னுள் ஏற்காத கரையத்தை முன்னே தள்ளுகின்றது. அக்கரையம் செறிந்த திரவப் படலத்தின் உறைநிலை தாழ்கின்றது. ஆகவே முகத்துக்குச் சற்று முன்னாலுள்ள திரவம், சூடு கூடியதாயினும், தன் உறைநிலைக்குக் கீழே நிற்கின்றது. வெப்பச் சாய்வு விகிதம் வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிடக் குறைந்துவிடின் மட்டமான முகம் நிலைக்காது. அதே ஆண்டில் தில்லர், ஜக்சன், றட்டர், சாமேர்ஸ் நால்வரும் இதனைக் கணிதமாக வடித்தனர். நூல் வெளிவந்த 1964 இலேயே மலின்ஸும் செகேர்க்காவும் மேற்பரப்புச் சக்தியையும் சேர்த்துக் கணித்து இக்கருத்தைத் திருத்தினராயினும், அதன் எளிமையையும் பயனையும் அத்திருத்தம் போக்கிவிடவில்லை.

எனினும் அந்தக் கணிதம் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றது: திரவம் ஓய்ந்திருக்கின்றது, கரையம் பரவலால் மட்டுமே நகர்கின்றது. ஆய்வுகூடத்தில் இஃது ஏற்கத்தக்கதே. அச்சினுள் ஊற்றப்படும் உலோகமோ சுழல்கின்றது, சுவரில் மோதுகின்றது, சூட்டு வேறுபாட்டால் மேலுங்கீழும் ஓடுகின்றது. ஓய்ந்த திரவத்தின் தர்க்கத்தை வார்ப்பின் நடுப்பகுதிக்கும் நீட்டிய வைன்காட்டும் சாமேர்ஸும், முகத்துக்கு முன்னுள்ள அதிகுளிர்ந்த திரவத்திலே புதிய பளிங்குகள் கருக்கொள்கின்றன என 1954 இல் கூறினர். விளக்கம் அழகானது, ஆனால் பொது விளக்கமாக அது நிலைக்கவில்லை.

இவ்விடத்திற் சாமேர்ஸின் நேர்மை போற்றத்தக்கது. தம் முந்திய விளக்கம் போதாதென 1963 இல் அவரே உணர்ந்து, ஊற்றும் கணத்திலேயே குளிர்ந்த சுவரருகே எண்ணற்ற பளிங்குகள் தோன்றி ஓட்டத்தால் நடுவுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன என்றார். இவ்வாறு ஓட்டத்துக்கு இடமளித்தமை பெரிய மாற்றமே. ஆயினும் நூலை முழுமையாகப் படிப்போர்க்கு ஒரு பொருத்தமின்மை புலப்படும். முகத்தைப் பற்றிய பகுதிகளிற் காணும் உறுதியும் நுண்மையும் வார்ப்பமைப்பைப் பற்றிப் பேசுமிடத்துத் தளர்கின்றன. ஓட்டம் அங்கே கோட்பாட்டின் உறுப்பாக அன்றி, இடர் நேர்ந்தபோது அழைக்கப்பட்ட துணையாகவே வருகின்றது.

குறையை நிரப்பியோருள் அவருடைய பழைய உடனாய்வாளரே ஒருவர் என்பது சுவையான செய்தி. உலோகம் ஒளிபுகாதது, ஆகவே உலோகம் போன்றே உறையும் ஒளிபுகு சேர்வைகளை ஜக்சனும் ஹன்றும் 1965 இல் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டில், ஊல்மன், சுவேட் ஆகியோருடன் சேர்ந்து, மரக்கிளை வடிவப் பளிங்குகளின் சிறு கிளைகள் அடியில் உருகிக் கழன்று திரவத்தில் மிதந்து செல்வதையும், அவையே புதிய மணிகளுக்கு வித்தாகலாம் என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். கருக்கொள்ளல் இன்றியே பளிங்குகள் பெருகலாம் என்பது ஓய்ந்த திரவத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போர்க்கு எளிதில் தோன்றாத கருத்து.

ஓட்டத்தின் முதன்மையை மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் நிகழ்ந்த ஒன்றும் உணர்த்தும். பிளெமிங்ஸின்கீழ் ஆராய்ந்த மாணவர் ஸ்பென்சர், வார்ப்பு சூட்டிலேயே வெடிப்பதன் காரணத்தை அறியவே பாதி உறைந்த வெள்ளீய–ஈயக் கலப்புலோகத்தை அளந்தார். உறைதல் தொடங்குமுன்பிருந்தே கலக்கிக்கொண்டு குளிரவிட்டபோது, நாற்பது வீதம் திண்மமான பின்னும் அது தடித்த எண்ணெய்போல ஓடியது. கிளைகள் பின்னிய வலைக்குப் பதிலாக உருண்ட மணிகளே அதிலிருந்தன. 1972 இல் வெளியான அவ்வாய்விலிருந்து அரைத்திண்ம வார்ப்பு என்னும் புதிய தொழின்முறையே கிளைத்தது. வெடிப்பைத் தேடிய மாணவர்க்கு ஓட்டம் அகப்பட்டது.

உண்மையான உலோகத்தினுள் நிகழ்வதை நேரே காணல் நெடுங்காலம் இயலாதிருந்தது. 1999 இல் மதீசன், ஆன்பேர்க் முதலியோர் கிறெனோபிளிலுள்ள சிங்குரோத்திரன் எக்சுக் கதிர்களைக்கொண்டு வெள்ளீய–ஈயப் பளிங்குகள் வளர்வதைப் படம்பிடித்தனர். பின்வந்த இத்தகைய ஆய்வுகளிற் கிளைகள் கழல்வதும் தெளிவாகத் தெரிந்தது. ஆயின் கதிர் ஊடுருவ வேண்டி அம்மாதிரிகள் ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு அளவே தடித்தவை. அத்துணை ஒடுங்கிய இடத்திலே திரவம் தாராளமாய் ஓடுவதில்லை. சாமேர்ஸின் நூலில் இடர்தந்த அதே ஓட்டம் இங்கும் பாதி அடக்கப்பட்டே காட்சிக்கு வருகின்றது.